குணமாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மூட்டு வலி, முதுகு வலி, பக்கவாதம், எலும்பு முறிவு என்று ஏதோ ஒன்றுக்காக பிசியோதெரபிக்குப் போய் வந்தவர்களிடம் பேசினால் மூன்று விதமான பேச்சு காதில் விழும். "பத்து சிட்டிங்லயே சரியாயிடுச்சு." "எவ்வளவோ செஞ்சாச்சு, ஸ்கேன்ல அப்படியேதான் இருக்கு." "இந்த முறைதான் பெஸ்ட்னு ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களாம்." யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் மூன்று பேச்சிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: சரியானதையோ சரியாகாததையோ எதை வைத்து அளந்தார்கள்?

பிசியோதெரபியை உள்ளடக்கிய மறுவாழ்வு சிகிச்சை என்பது நோயாலோ காயத்தாலோ முதுமையாலோ குறைந்துபோன செயல்திறனை மீட்கவும், மிச்சமிருப்பதைக் காக்கவும் செய்யும் சிகிச்சை. செயல்திறன் என்றால் படுக்கையிலிருந்து எழுவது, நடப்பது, குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, வேலைக்குப் போவது என்று ஒருவர் அன்றாடம் செய்யும் காரியங்களைச் செய்யும் திறன். இந்தச் சிகிச்சையால் பலன் பெறக்கூடிய உடல்நிலையோடு 2019-இல் உலகில் சுமார் 241 கோடிப் பேர் இருந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. இத்தனை பேரைத் தொடும் விஷயத்தில் "பரவாயில்லை போல இருக்கு" என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடக் கூடாது.

ஒருவருடைய நிலை மாறியிருக்கிறது என்றால் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். மாற்றம் உண்மையில் நடந்ததா? நடந்த மாற்றம் அவருக்கு உதவும் அளவுக்குப் பெரியதா? அது சிகிச்சையால்தான் வந்ததா? மருத்துவ மதிப்பீடு முதல் இரண்டு கேள்விகளைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதற்கு ஆராய்ச்சி தேவைப்படுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மேலே சொன்ன பேச்சுகள் எல்லாம் வருகின்றன.

படத்தில் தெரிவதும் உடம்பு செய்வதும்

முதலில் ஸ்கேன் விஷயத்தை முடித்துவிடலாம். எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் உடம்பின் அமைப்பைக் காட்டும். எலும்பு எங்கே தேய்ந்திருக்கிறது, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் எங்கே பிதுங்கியிருக்கிறது என்பதைக் காட்டும். அந்த மனிதர் மாடிப்படி ஏறுவாரா என்பது படத்தில் இருக்காது.

இரண்டுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம். முதுகு வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3110 பேர். டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினரிடம் இருந்தது, 80 வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினரிடம் இருந்தது. யாருக்கும் வலி கிடையாது. இதைப் படித்துவிட்டு ஸ்கேனே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். முறிவு, தொற்று, புற்றுநோய், நரம்பு அழுந்துவது போன்றவற்றைக் கண்டுபிடிக்க அது வேண்டும். ஆனால் நடமாட்டம் தேறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பது, கேட்காத கேள்விக்குப் பதில் வாங்குவதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட ஒரு வகைப்பாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நன்றாக உதவுகிறது. ஒருவரின் உடல்நிலையை அது மூன்று தளங்களில் பார்க்கச் சொல்கிறது. முதல் தளம் உடலின் அமைப்பும் இயக்கமும்: முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, தொடைத் தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது. இரண்டாவது, செயல்பாடு: நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, படி இறங்க முடிகிறதா. மூன்றாவது, பங்கேற்பு: வேலைக்குப் போகிறாரா, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறாரா, தன் பொறுப்புகளை ஏற்றுச் செய்கிறாரா. சுற்றுச்சூழலும் அந்த மனிதரின் இயல்பும் இந்த மூன்றையும் பாதிக்கும். கைப்பிடி இருக்கும் படிக்கட்டில் சுலபமாக ஏறுகிறவர், கைப்பிடி இல்லாத இடத்தில் கீழேயே நின்றுவிடலாம்.

ஒரு தளத்தில் வரும் முன்னேற்றம் தானாக அடுத்த தளத்துக்கு ஏறிவிடாது. முழங்கால் 90 டிகிரியிலிருந்து 115 டிகிரிக்கு வந்திருக்கும். ஆனாலும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் வீட்டை விட்டே கிளம்பாமல் இருக்கலாம். அறிக்கையில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் "ஒண்ணும் மாறலையே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவர்கள் பேசுவது வேறு வேறு தளங்களைப் பற்றி.

சுருக்கமாக: படம் அமைப்பைக் காட்டும். செயல்திறனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் செயலையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும், அல்லது செய்கிறவரையே கேட்க வேண்டும்.

ஒரு நாற்காலி, மூன்று மீட்டர், ஒரு ஸ்டாப்வாட்ச்

செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனைகளில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒன்று 'டைம்ட் அப் அண்ட் கோ'. 1991-இல் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்போதைய வடிவில் இதை வெளியிட்டார்கள். தேவைப்படுவது கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி, தரையில் மூன்று மீட்டர் தள்ளி ஒட்டிய ஒரு பட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச். அவ்வளவுதான்.

முதியவர் ஒருவர் முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். காலில் அவர் தினமும் போடும் செருப்பு. ஊன்றுகோல் வைத்திருப்பவரானால் அதுவும் கையில் இருக்கும். "போகலாம்" என்றதும் எழுகிறார், வழக்கமான வேகத்தில் பட்டை வரை நடக்கிறார், திரும்புகிறார், வந்து உட்காருகிறார். கடிகாரம் விநாடிகளை மட்டும்தான் எண்ணும். பக்கத்தில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட் இன்னும் நிறையப் பார்ப்பார். ஒரே முயற்சியில் எழுந்தாரா, இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆடி உந்திக்கொண்டு எழுந்தாரா? எழுந்ததும் ஒரு கணம் தள்ளாடினாரா? பட்டை அருகே இரண்டு மூன்று அடியில் திரும்பினாரா, சின்னச் சின்னதாக ஏழெட்டு அடி வைத்துத் திரும்பினாரா? உட்காரும்போது பின்னால் நாற்காலி இருப்பதைக் காலால் தொட்டு உறுதிசெய்துகொண்டு மெல்ல அமர்ந்தாரா, பாதியில் தொப்பென்று விழுந்தாரா? இப்படி உட்காருவது தொடைத் தசையின் பலவீனத்தைக் காட்டும் ஓர் அறிகுறி. எண்ணோடு சேர்த்து இந்தக் குறிப்பையும் எழுதி வைப்பதுதான் நல்ல மதிப்பீடு.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் முதியவர்களுக்கு 12 விநாடி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறது. இதை ஜாதகம் போல வாசித்துவிடக் கூடாது. 11 விநாடிக்காரரும் விழலாம், 15 விநாடிக்காரர் விழாமலே இருக்கலாம். இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து யார் விழுவார் என்று கணித்துவிட முடியாது.

இன்னொன்று ஆறு நிமிட நடைச் சோதனை. இதயம் அல்லது நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதிகம் செய்யப்படுவது. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும். நடுவில் மெதுவாகப் போகலாம், நின்று மூச்சு வாங்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இதைவிட எளிது நடை வேகம்: சில மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று பார்ப்பது. பார்க்க அற்பமாகத் தோன்றும் இந்த எண் நிறையச் சொல்லும். பக்கவாதம் வந்து மீண்டவர்களில் விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே நடப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார்கள் என்றும், 0.8 மீட்டரைத் தாண்டியவர்கள் வெளியில் தாராளமாகப் போய்வருகிறார்கள் என்றும் 1995-இல் வெளியான ஓர் ஆய்வு வகுத்தது. அந்த எல்லைகள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

கேட்டு அறியும் முறைகளும் உண்டு. 1965-இல் வந்த பார்த்தெல் குறியீடு சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது என்று பத்து அன்றாட வேலைகளை எடுத்துக்கொண்டு, உதவி எவ்வளவு தேவை என்று பார்த்து மொத்தம் 100-க்கு மதிப்பெண் போடுகிறது. முதுகு வலிக்கு 1980-இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளில் நோயாளியே பதில் எழுதுவார். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, தூக்கம் எப்படி, பயணம் போக முடிகிறதா என்று பத்துப் பகுதிகள்.

கேள்வித்தாள் என்றதும் "அவங்க சொல்றதை எப்படி நம்புறது?" என்று சிலர் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலியும் பயமும் சோர்வும் ஸ்டாப்வாட்ச்சில் ஏறாது. ராத்திரி எத்தனை முறை விழித்தேன் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும். முறையாக உருவாக்கிச் சோதித்த கேள்வித்தாள் ஒன்று, ஏனோதானோ என்று எடுத்த விநாடிக் கணக்கைவிட நம்பகமானது.

எண் மாறினால் ஆள் மாறினாரா?

எடை பார்க்கும் மெஷினை யோசித்துப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஏறினால் ஓர் எண், சாப்பிட்டுவிட்டு ஏறினால் வேறு எண், செருப்போடு ஏறினால் இன்னொன்று. நேற்று 64.2, இன்று 64.8 என்றால் "600 கிராம் கூடிவிட்டேன்" என்று யாரும் பதறுவதில்லை. அந்த அளவு ஏறி இறங்குவது இயல்பு என்று நமக்குத் தெரியும். மூன்று கிலோ கூடியிருந்தால் கவனிப்போம். அப்புறம் இன்னொரு விஷயம். மெஷின் எப்போதும் மிகச் சரியாக ஒரே எண்ணைக் காட்டினாலும், அது எடையை மட்டும்தான் காட்டும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அந்த மெஷினைக் கேட்டுப் பயனில்லை.

செயல்திறன் சோதனைகளுக்கும் இதே இரண்டு குணங்கள்தான் அடிப்படை. ஒருவரின் நிலை மாறாதபோது, திரும்பத் திரும்ப அளந்தாலும், வேறொருவர் அளந்தாலும், ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். இதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே ஒரு சோதனை அளந்தால் அது ஏற்புடைமை. கை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அளக்கும் கருவி அருமையான நம்பகத்தன்மை உள்ளது. ஆனால் அந்த எண்ணை வைத்துப் பொத்தான் போடும் விரல் நேர்த்தியைச் சொல்லப் போனால் ஏற்புடைமை இல்லாமல் போகிறது.

முழங்காலின் மடக்கத்தை அளப்பதை அருகிலிருந்து பார்த்தால் பிழை எங்கே நுழைகிறது என்று தெரியும். இரண்டு கைகள் உள்ள பிளாஸ்டிக் கோணமானி ஒன்று. அதன் நடு அச்சு முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பு முண்டாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு கை இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் தொடையெலும்பு முனையை நோக்கியும், இன்னொரு கை கணுக்காலின் வெளிப்புற முண்டை நோக்கியும் நிற்க வேண்டும். காலில் வீக்கம் இருந்தால் அந்த முண்டு எங்கே என்று விரலால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அச்சு ஒரு விரல் அகலம் தள்ளிப்போனால் கோணம் மாறிவிடும். நோயாளி அன்று வலிக்குப் பயந்து காலை இறுக்கிக்கொண்டாலும் மாறிவிடும். அதனால் பொதுவாக ஐந்து டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தை யாரும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வதில்லை. "போன வாரம் 92, இந்த வாரம் 95" என்ற செய்தி நம்பிக்கை தருகிறது, சரி. ஆனால் கால் மாறியதா, அளந்த கை மாறியதா என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது.

இப்படி எந்தச் சோதனைக்கும் ஓர் ஆட்டம் உண்டு. அதைத்தான் அளவீட்டுப் பிழை என்கிறார்கள். இங்கே பிழை என்றால் யாரோ செய்த தவறு என்று பொருளில்லை, அளத்தல் என்ற காரியத்தோடு கூடவே வருவது. அந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றத்தைத்தான் "நிஜமாகவே மாறியிருக்கிறது" என்று சொல்லலாம்.

ஆறு நிமிட நடையில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. நடப்பவரை உற்சாகப்படுத்தினால் தூரம் கூடுமா என்று 1984-இல் சோதித்துப் பார்த்தார்கள். உற்சாக வார்த்தைகளால் மட்டுமே தூரம் சுமார் 30 மீட்டர் கூடியது. அதே மனிதர், அதே நுரையீரல், அதே தாழ்வாரம். அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கின்றன. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது, கூடவே நடக்கவும் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விறைப்பாகத் தெரியும். ஆனால் இந்த விறைப்பு இல்லாவிட்டால் முதல் மாத எண்ணையும் மூன்றாம் மாத எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். ஓரளவு தேறியவர் 55 எடுத்துவிட்டால் அதற்கு மேல் அவர் எவ்வளவு முன்னேறினாலும் எண்ணில் தெரியாது, ஏற இடமில்லை. இதை உச்சவரம்பு விளைவு என்பார்கள். ஆளுக்கேற்ற சோதனையைத் தேர்ந்தெடுப்பது மதிப்பிடுபவரின் திறமையில் பெரும் பங்கு.

இதுவரை பார்த்தது முதல் கேள்வி. அளவீட்டின் ஆட்டத்தைவிடப் பெரிய மாற்றம்தான் உண்மையான மாற்றம். அதற்கு ஒரே சோதனையை ஒரே விதமாகச் செய்திருக்க வேண்டும்.

உண்மையான மாற்றம் பெரிய மாற்றமா?

உண்மையாகவே மாறியிருந்தாலும் அது சம்பந்தப்பட்டவருக்கு உறைக்காத அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். நோயாளி தன் வாழ்க்கையில் பயனுள்ளது என்று உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றத்தை குறைந்தபட்ச முக்கிய மாற்றம் என்கிறார்கள். நோயாளிகளிடமே "முன்னைவிடத் தேவலையா?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை எண்ணில் வந்த மாற்றத்தோடு ஒப்பிட்டு இதைக் கணிப்பார்கள்.

சில எண்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கவை. நாள்பட்ட வலியை 0 முதல் 10 வரை சொல்லும் அளவுகோலில் சுமார் இரண்டு புள்ளி, அதாவது முப்பது சதவீதம் குறைந்தால் நோயாளிகள் அதை நல்ல முன்னேற்றமாகக் கருதுகிறார்கள் என்று 2001-இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. முதியவர்களின் நடை வேகத்தில் விநாடிக்கு 0.1 மீட்டர் கூடுவது கணிசமான மாற்றம். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடையில் சுமார் 30 மீட்டர். சற்று முன்னால் பார்த்த எண்ணை நினைத்துப் பாருங்கள். உற்சாக வார்த்தையால் மட்டுமே கூடிய தூரமும் அதே 30 மீட்டர்தான். முறை பிசகினால் ஒரு முழுச் சிகிச்சையின் பலனுக்குச் சமமான 'முன்னேற்றம்' வெறும் பேச்சிலேயே வந்துவிடும்.

செய்திகளில் அடிபடும் "புள்ளியியல் ரீதியாக முக்கியத்துவம் வாய்ந்தது" என்ற சொற்றொடர் இங்கேதான் பலரைத் தடுக்கி விடுகிறது. வெறும் தற்செயலாலேயே இப்படி ஒரு வித்தியாசம் தெரிவது அரிது என்பதுதான் அதன் பொருள். வித்தியாசம் பெரியதா சிறியதா என்று அது சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோரை வைத்து ஆய்வு செய்தால், பத்துப் புள்ளி வலி அளவில் அரைப் புள்ளி வித்தியாசம்கூட அந்தத் தேர்வில் தேறிவிடும். அரைப் புள்ளி குறைந்ததால் ஒருவர் நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை. ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது "எவ்வளவு?" என்ற கேள்வியை விடாமல் கேட்க வேண்டியது இதனால்தான்.

சிகிச்சையால்தான் வந்ததா?

இது மூன்றில் கடினமான கேள்வி. சிகிச்சைக்கு முன் அளந்தோம், சிகிச்சைக்குப் பின் அளந்தோம், நன்றாகவே தேறியிருக்கிறார். அப்படியானால் சிகிச்சை வேலை செய்தது என்றுதானே அர்த்தம்? அப்படிச் சொல்லிவிட முடியாது. சிகிச்சையைத் தவிரவும் எண்ணை நகர்த்தும் காரணங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, உடம்பு தானாகவே ஆறுவது. திடீரென்று வரும் முதுகு வலி பெரும்பாலானோருக்கு முதல் ஆறு வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய டிஸ்க் பகுதி தானாகவே சுருங்குவதும் நிறையப் பேரிடம் நடக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் வரும் மீட்சியில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில் வருகிறது. இந்தக் காலத்தில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் அதற்கு நல்ல பேர் கிடைக்கும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. நாள்பட்ட வலி ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஏறும் இறங்கும். மனிதர்கள் எப்போது சிகிச்சைக்குப் போகிறார்கள்? தாங்க முடியாமல் ஏறி நிற்கும்போது. உச்சத்தில் இருப்பது அதற்குப் பின் பெரும்பாலும் தன் வழக்கமான மட்டத்துக்கு இறங்கத்தான் செய்யும். இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டபோது கவனித்துச் சொன்ன விஷயம் இது. மிக மோசமான நாளில் முதல் அளவை எடுத்தால், ஒன்றும் செய்யாமலே இரண்டாவது அளவு நன்றாக வரும் வாய்ப்பு அதிகம். யாரையும் ஏமாற்றாமலே ஏமாற்றம் நடக்கும் இடம் இது. நோயாளி மனதாரச் சொல்கிறார், சிகிச்சை தருபவரும் மனதார நம்புகிறார்.

பழக்கமும் ஒரு காரணம். ஆறு நிமிட நடையை இரண்டாம் முறை செய்யும்போதே பலர் கூடுதல் தூரம் போய்விடுகிறார்கள், எப்படித் திரும்புவது, எந்த வேகத்தில் ஆரம்பிப்பது என்று தெரிந்துவிட்டதால். கடைசியாக, எதிர்பார்ப்பு. கனிவோடு ஒருவர் கேட்டு, தொட்டுப் பார்த்து, "சரியாகிவிடும்" என்று சொன்னாலே வலி குறைவதுண்டு. அந்த நிம்மதி பொய்யில்லை, ஆனால் குறிப்பிட்ட சிகிச்சையின் தனிப் பலன் என்று அதைக் கணக்கெழுத முடியாது.

இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்க ஒரே வழி, அந்தச் சிகிச்சையைப் பெறாத இன்னொரு குழுவைக் கூடவே வைத்துக்கொள்வது. அதற்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதைக் குலுக்கல் போல, யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லாமல் முடிவு செய்வது சமவாய்ப்புப் பிரிப்பு. தானாக ஆறுவதும், சராசரிக்குத் திரும்புவதும், பழக்கமும் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி நடக்கும். அப்புறமும் மிஞ்சும் வித்தியாசம்தான் சிகிச்சையுடையது.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்த இரண்டு ஆய்வுகள்

இந்த ஏற்பாடு எதற்கு என்று சந்தேகப்படுபவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன்.

முதலாவது 2002-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைச் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழங்காலுக்குள் நுண்துளைக் கருவி விட்டுத் தேய்ந்த பகுதிகளைச் சீர்செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் போட்டு, அறுவை சிகிச்சை நடப்பது போலவே பாவனை செய்து, கருவியை உள்ளே விடாமலே தைத்துவிட்டார்கள். யார் எந்தக் குழு என்று நோயாளிகளுக்கும் தெரியாது, பின்னால் அளந்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வலியிலும் நடமாட்டத்திலும், பாவனை அறுவை சிகிச்சை பெற்றவர்களைவிட உண்மையான அறுவை சிகிச்சை பெற்றவர்கள் எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை. அதுவரை ஏராளமானோருக்குச் செய்யப்பட்டு, ஏராளமானோர் "எனக்குக் கேட்டது" என்று சொன்ன சிகிச்சை அது.

இரண்டாவது, 2015-இல் லான்செட்டில் வந்த 'அவெர்ட்' ஆய்வு. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்து நாடுகளில் 56 மையங்களில் 2104 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக அளவில் எழுப்பி நடமாட வைக்கும் முறை, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்புக் குழுவில் 50 சதவீதம். தீவிரமாகச் செய்தது பலனைக் குறைத்திருந்தது. கவனிக்க வேண்டியது, வழக்கமான குழுவில் இருந்தவர்களும் நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடக்கவில்லை, அவர்களையும் சீக்கிரமே எழுப்பத்தான் செய்தார்கள். அதனால் "பக்கவாதத்துக்குப் பின் அசையக் கூடாது" என்று இதை வாசிப்பது தவறு. முதல் நாளில் எவ்வளவு, எத்தனை முறை என்பதில்தான் பாடம் இருக்கிறது.

உடற்பயிற்சி ஆய்வுகளில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து மறைத்துவிடலாம். தான் பயிற்சி செய்கிறோமா இல்லையா என்பதை ஒரு மனிதரிடமிருந்து எப்படி மறைப்பது? சிகிச்சை தருபவரிடமிருந்தும் மறைக்க முடியாது. மிஞ்சுவது அளப்பவர். எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். உற்சாகத்தில் 30 மீட்டர் கூடியதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அவசியம் புரியும். பிசியோதெரபி ஆய்வுகளை இப்படித் தரம் பார்த்து மதிப்பெண் இட்டுத் தொகுக்கும் 'பெட்ரோ' என்ற இலவசத் தரவுத்தளம் 1999 முதல் சிட்னியிலிருந்து நடக்கிறது. இடையில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அது கவனிக்கிறது. பயிற்சி பிடிக்காமலோ வலி கூடியோ விலகியவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மிஞ்சியவர்கள் எல்லோரும் தேறியவர்களாகத்தான் தெரிவார்கள்.

ஆய்வு சொல்வது குழுவின் சராசரியை. ஒரு பயிற்சியால் சராசரியாக வலி இரண்டு புள்ளி குறைந்தது என்றால், அதற்குள் ஐந்து புள்ளி குறைந்தவரும் இருப்பார், துளியும் குறையாதவரும் இருப்பார். எனவே ஆய்வு நல்லது என்று சொன்ன சிகிச்சையைத் தொடங்கிய பிறகும், இந்த நபரிடம் அது வேலை செய்கிறதா என்று அளந்துதான் பார்க்க வேண்டும். சில வாரங்களில் நிஜமான மாற்றம் தெரியவில்லையென்றால் சிகிச்சையின் அளவையோ முறையையோ மாற்ற வேண்டும்.

சிகிச்சைக்குப் போகிறவர் என்ன செய்யலாம்?

முதல் நாளே அளவு எடுக்கச் சொல்லுங்கள். தொடக்க அளவு இல்லையென்றால் பின்னால் எதோடும் ஒப்பிட முடியாது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். "வலி போகணும்" என்பதைவிட "தரையில் உட்கார்ந்து எழணும்", "பேரனைத் தூக்கணும்" என்று சொன்னால் பொருத்தமான சோதனையைத் தேர்ந்தெடுக்க முடியும். "எந்தச் சோதனையை வைத்துப் பார்ப்பீர்கள், எவ்வளவு மாறினால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வீர்கள், எத்தனை வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. தன் வேலையைத் தெரிந்தவர் இந்தக் கேள்விகளைச் சந்தோஷமாகவே வரவேற்பார்.

வலி மருந்து சாப்பிடுபவரானால் ஒவ்வொரு முறையும் மருந்து எடுத்து ஏறக்குறைய அதே நேர இடைவெளியில் அளப்பது நல்லது. அதே நாற்காலி, அதே செருப்பு, முடிந்தால் அதே ஆள். வீட்டில் குறித்து வைப்பதானால் ஒரு நாள் வலியை மட்டும் எழுதாமல், ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் எழுதி வாருங்கள். உச்ச நாள் எது, வழக்கமான நாள் எது என்று அதில் பிரிந்து தெரியும். தள்ளாட்டம் உள்ளவர்கள், அண்மையில் விழுந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வருகிறவர்கள் நடைச் சோதனைகளைத் தனியாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நிற்க, பிடித்துக்கொள்ள இடம் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.